கருமாதிப் படம்

ஜெகதீசனுக்குக் கோபம் வந்தால் முதல் அடி வேன் கதவுக்குத்தான். கேளம்பாக்கத்துக்கு ஐ.டி. கம்பெனி ஆட்களை ஏற்றிப் போகிறவர். அவர் சண்டை போடாத ஆளைத் திருக்கழுக்குன்றம் சுற்றுவட்டாரத்தில் தேடித்தான் பிடிக்கவேண்டும். ஆனால் இந்த ஒரு சண்டையில் நியாயம் முழுக்க அவர் பக்கம்.

ஆடி மாதம் குலதெய்வம் கோயிலில் பங்காளிகள் மட்டும்தான் பொங்கல் வைக்கலாம். யார் பங்காளி என்பதைத் தலைக்கட்டு நோட்டு சொல்லும். நோட்டு பங்காளி துரையிடம். போன வருஷம் அவன் ஜெகதீசன் பெயரை அடித்துவிட்டான். ஜெகதீசனின் தாத்தா கண்ணாயிரம் இந்த வம்சமே இல்லையாம். மாடு மேய்க்க வந்து ஒட்டிக்கொண்ட பையனாம். ஜெகதீசன் மனைவி ஜோதிலட்சுமி மூட்டிய அடுப்பில் எல்லார் முன்னாலும் தண்ணீரைக் கொட்டினான். புருஷன் எதிரே நிற்க, அவள் ஈர அரிசிப் பானையைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்பினாள்.

துரைக்கு ஆதாரம் அவன் கூடத்தில் பெரிதாக்கி மாட்டிய படம். கொள்ளுப்பாட்டி நாற்காலியில், பக்கத்தில் துரையின் தாத்தா, வாரிய தலையும் முறுக்கிய மீசையுமாக.

"ஒன் தாத்தா இதுல எங்க கீறாரு, காட்டு" என்றான்.

ஜெகதீசன் பார்த்தது நாற்காலியை. அதன் ஒரு கைப்பிடி பாதியில் நின்றது. யாரோ படத்தைக் கத்தரித்திருந்தார்கள்.

தாத்தாவுக்குச் சான்று தேடித் தாலுகா ஆபீஸில் எட்டு மாதம் அலைந்தார். இறப்புப் பதிவேட்டில் பூச்சி தின்ற தாள்தான் மிச்சம். கடைசியில் படத்தின் மூலையில் இருந்த முத்திரையை வைத்து, செங்கல்பட்டில் அந்த ஸ்டூடியோவைப் பிடித்தார். ஸ்டூடியோக்காரர் ஆபிரகாம் தன் அப்பா எடுத்த நெகட்டிவ்களைப் பரணில் வைத்திருந்தார். ஜெகதீசன் கேட்டுக் கேட்டு முழுப் படத்தையும் பிரிண்ட் போட்டு வாங்கினார்.

இந்த ஆடியில் கோயில் வாசலில் அதை நீட்டினார். நாற்காலிக்கு இடப்பக்கம் கண்ணாயிரம், மொட்டைத் தலை, மழித்த மீசை. கூடவே கொண்டுவந்த நெகட்டிவ் உறையின் மேல் ஆபிரகாமின் அப்பா மையால் எழுதியிருந்தார்: 'கருமாதி'.

பங்காளிகளில் மூத்தவர் படத்தைக் கண்ணருகே கொண்டுபோனார்.

"அப்பன் கருமாதியில மொட்ட போடாத புள்ள உண்டா? முடியோட நிக்கறவன் வூட்டோட மாப்ள" என்றார்.

அந்தத் தலைமுடியை ஊருக்கே காட்டிப் பெருமையடித்தவன் துரைதான்.

ஜெகதீசன் குடத்தை எடுத்தார். துரையின் மனைவி மூட்டிய அடுப்பில் ஊற்றினார். செய்திருக்க வேண்டாம்தான், அந்தப் பெண் என்ன பாவம் செய்தாள்? ஆனால் செய்தார். பிறகு, தான் நாற்பது வருஷம் அண்ணாத்த என்று கூப்பிட்டவனிடம் கையை நீட்டினார்.

"நோட்ட குடு, மச்சான்."