சந்து வழி போகாத குழாய்

எங்கள் அப்பாவின் ரோஷத்தை வைத்து இரண்டு வீடு கட்டலாம். இருந்த ஒரு வீடும் அதனால்தான் போயிற்று.

பெரம்பலூரில் எங்கள் தெருவுக்குக் குடிநீர்க் குழாய் வந்த வருஷம் அது. அம்மாவுக்கு நிறைமாதம். வயிற்றைத் தள்ளிக்கொண்டு தெருக்குழாயில் அவள் குடம் தூக்குவதைப் பார்க்கப் பொறுக்காமல், அடுப்படிக்கே தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று கிளம்பினார் அப்பா. அடுப்படி வீட்டின் பின்கோடியில் இருந்தது. குழாயைப் பக்கத்துச் சந்து வழியாகச் சுற்றிக் கொண்டுபோயிருக்கலாம். ஆனால் பாகப்பிரிவினையில் சந்து பெரியப்பா பங்குக்குப் போய்விட்டது. அன்றிலிருந்து அண்ணன் தம்பிக்குப் பேச்சில்லை.

"ஒரு வார்த்தை கேளுங்களேன். உங்க கூடப் பொறந்தவருதான?" என்றாள் அம்மா. இரண்டு வீடும் பேசிக்கொள்ள வேண்டுமென்று அவளுக்கு ஓயாத ஆசை.

"அந்தாளு வாசல்ல போயி நான் நிக்கணுமா? போயி வேலையப் பாருடி."

கொத்தனார் வந்து நடுச்சுவரைத் தட்டிப் பார்த்தார். மண்சாந்து வைத்துக் கட்டிய செங்கல் சுவர்; மொட்டைமாடியின் உத்திரங்கள் அத்தனையும் அதன் தலையில். "அரைச் செங்கல் ஆழத்துக்குக் காடி எடுத்தாப் போதுங்க. பூசிட்டா கோடுகூடத் தெரியாது" என்றார். முன்கட்டிலிருந்து அடுப்படி வரை, இடுப்பு உயரத்தில், சுவரின் நீளத்துக்கும் பள்ளம் வெட்டினார்கள். உள்ளே குழாய், மேலே சிமெண்டு. நிஜமாகவே தெரியவில்லை. வருகிறவர் போகிறவரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார் அப்பா.

அடுத்த வாரமே ஐப்பசி மழை பிடித்துச் சுவர் ஊறியது. குழாய் மூட்டில் கசிவு வேறு. ஒரு காலையில் அம்மா குடத்தை வைத்துக் குழாயைத் திறந்தாள். நான் வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். பாழாய்ப்போன சுவர், காடி வெட்டிய இடத்தில் மடிந்து, மாடியோடு உட்கார்ந்துவிட்டது.

முதலில் வந்தவர் பெரியப்பாதான், சந்துப் பக்கமாக ஏறிக் குதித்து. வெறுங்கையால் கல்லை வாரி வாரிப் போட்டார். அம்மாவை எடுத்து அவர் வீட்டு நடையில் கிடத்தினார்கள்.

"கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டனாடா, பாவி!" என்று அப்பாவின் சட்டையைப் பிடித்து உலுக்கினார் பெரியப்பா. "அண்ணே, அண்ணே" என்று அப்பா அவர் காலைக் கட்டிக்கொண்டார்.

எனக்கு ஆறு வயது. அப்பா வாயிலிருந்து அந்த வார்த்தையை அன்றுதான் முதலில் கேட்டேன். அம்மாவுக்குத் தெரிந்தால் எவ்வளவு சந்தோஷப்படுவாள்! வேறு யாரும் முந்திக்கொண்டு சொல்லிவிடக் கூடாதே என்று, அவள் தலைமாட்டிலேயே உட்கார்ந்து, கண் விழிக்கட்டும் என்று காத்திருந்தேன்.