பிழையைச் சொல்லப் போன டொக்டர் மனோன்மணி

பஸ் ஏறிப் போகிற தூரத்தில் இருக்கும் பல்லேபொலையிலிருந்து ஹலீமா ராத்தாதான் தொலைபேசியில் சொன்னார். "டீச்சர், நம்ம டொக்டர் போயிட்டாங்க." ராத்தாவின் மகன் டவுனில் ஓட்டும் முச்சக்கர வண்டியில்தான் டொக்டர் மனோன்மணியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். டொக்டர் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் எனக்குச் செய்தி இப்படிச் சுற்றிக்கொண்டு வந்தது. தனியாக இருப்பவர்களின் சாவு அப்படித்தான் தெரியவரும் போலிருக்கிறது.

மாத்தளையில் ஐம்பதைத் தாண்டிய பெண்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து அரசாங்க வேலைக்கு வந்து, ஓய்வுபெற்றதும் டவுனில் சின்னதாக ஒரு டிஸ்பென்சரி போட்டுக்கொண்டு தங்கிவிட்டவர். கல்யாணம் செய்யவில்லை. ஊரில் ஓர் அக்கா மட்டும். மாதவிடாய் நின்றபின் உடம்பு திடீர் திடீரென்று கொதிப்பதையும், பாடம் நடத்தும்போதே சேலை நனைய வியர்ப்பதையும் நாங்கள் வாய்விட்டுச் சொன்னது அவரிடம்தான். வீட்டில் சொன்னால் "வயசாயிருச்சுல்ல" என்பார்கள். அவர் ஹோர்மோன் மாத்திரை தந்தார். கொதிப்பு அடங்கியது, கெட்ட கொலஸ்ட்ரோலும் இறங்கியது. "இது உங்க இருதயத்துக்கும் காவல்" என்பார். அன்று பெரிய பெரிய டொக்டர்களும் அப்படித்தான் நம்பியிருந்தார்கள்.

வெறும் வயிற்றில் இரத்தம் எடுக்க வேண்டும் என்பதால் எங்களை வெள்ளிக்கிழமைகளில் வரச் சொல்வார். எப்படியும் விரதம்தானே என்ற கணக்கு. ஒருமுறை என் இரத்தத்தில் கொழுப்பு எகிறிப் போயிருந்தது. மாத்திரையின் வேலையோ என்று பயந்துவிட்டார். துருவித் துருவிக் கேட்டபோதுதான் காலையில் பாலும் பழமும் சாப்பிட்டதைச் சொன்னேன். விரதத்துக்குப் பால் பழம் ஆகும்தானே? தலையில் கைவைத்துக்கொண்டார். "கடவுள் மன்னிப்பார் டீச்சர், ட்ரைகிளிசரைட் மன்னிக்காது!"

பிறகு சமாதானக் காலம் வந்தது. சண்டையால் அடைபட்டுக் கிடந்த யாழ்ப்பாணப் பாதை திறந்தது. அக்காவுக்கு ஞாபகம் தப்பிக்கொண்டு வருகிறது, கெதியில் வாருங்கள் என்று அக்காவின் மகள் சொல்லியிருந்தாள். டொக்டர் பெட்டி கட்டிவிட்டார். அந்த நேரம் பார்த்துத்தான் வெளிநாட்டிலிருந்து அந்தச் செய்தி வந்தது: ஹோர்மோன் மாத்திரை இருதயத்தைக் காக்காது, சிலருக்குக் கெடுதலும் செய்யலாம்.

அவர் பெட்டியை அவிழ்த்துவிட்டார். "அக்காவப் பாத்துட்டு வாங்க, அதுவரைக்கும் நான் எல்லாருக்கும் சொல்லியனுப்புறேன்" என்றேன். "பிழையைச் சொல்ல ஆளனுப்பக் கூடாது டீச்சர்" என்றார்.

பல்லேபொலைக்கு நானும் பஸ்ஸில் கூடப் போனேன். ஹலீமா ராத்தா பிளேன்டீ கொண்டுவந்து வைத்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது.

"கொலஸ்ட்ரோல் நல்லா இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"கொலஸ்ட்ரோல் நல்லாத்தான் இருந்துச்சு, ராத்தா. அதை வச்சு இருதயமும் பத்திரம்னு நினைச்சது என் பிழை."

"நிப்பாட்டினா அந்த வேக்காடு திரும்ப வருமே?"

"வரலாம். ஒரேயடியா நிப்பாட்ட வேணாம், கொஞ்சங்கொஞ்சமா குறைப்போம். நான் வந்து வந்து பாக்குறேன்."

சொன்னபடியே போய்ப் பார்த்தார். ரத்தோட்டைப் பக்கம், மழையில், குடையோடு. அந்த வருஷம் அப்படியே போய்விட்டது. தன் பிழையைத் தானே சொல்லித் திரிகிற டொக்டரிடம் எதற்கு மருந்து எடுப்பது என்று பலர் வேறிடம் போனார்கள். டிஸ்பென்சரியின் வாங்குப் பலகையில் நான் மட்டும் உட்கார்ந்திருந்த நாட்களும் உண்டு. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அவருக்கு வரவில்லை.

எல்லா வீட்டுக்கும் போய் முடித்த பிறகுதான் யாழ்ப்பாணம் போனார். சொன்னதைவிடச் சீக்கிரம் திரும்பிவிட்டார். எங்களோடு எங்கள் தமிழ் பேசுகிறவர், அன்று ஊர்த் தமிழில் பேசினார். "அக்கா என்னைக் கும்பிட்டவ, டீச்சர். 'டொக்டரம்மா, என்ர தங்கச்சியும் டொக்டர்தான், மாத்தளையில இருக்கிறாள், பாதை திறந்தால் வருவாள்' எண்டு சொன்னவ."

இப்போது சண்டை திரும்பவும் தொடங்கி, பாதை மறுபடி பூட்டிக் கிடக்கிறது. செத்தவீட்டில் உறவென்று உட்கார யாரும் இல்லை. பல்லேபொலையிலிருந்தும் ரத்தோட்டையிலிருந்தும் பெண்கள் வந்தார்கள், வேறு டொக்டரிடம் மாறிப்போனவர்களும்தான். உரித்துக்காரர் யார் என்று ஐயர் கேட்டபோது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வாய்க்கரிசியை நான்தான் போட்டேன்.

மறுநாள் யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். "அம்மாவிட்டச் சொல்லி என்ன அன்ரி, விளங்காது" என்றாள் அக்காவின் மகள். இருந்தாலும் அக்காவிடம் தொலைபேசியைக் கொடுக்கச் சொல்லி, டொக்டர் போய்விட்டதை நானே சொன்னேன். "ஐயோ பாவம், ஆற்றை பிள்ளை?" என்று, யாரோ வீட்டுப் பிள்ளையைப் பற்றிக் கேட்பதுபோல் கேட்டார் அக்கா.

டொக்டர் மனோன்மணி எனக்கு விட்டுப்போனது அந்த அக்காவைத்தான். லைன் கிடைக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் அவரோடு பேசுகிறேன். நான் யாரென்று அவருக்குத் தெரியாது. ஒவ்வொரு முறையும் ஒன்றைத்தான் கேட்பார்.

"பிள்ளை, பாதை திறந்திட்டுதோ?"

"இன்னும் இல்லைங்க, அக்கா."