கீரைக்கட்டு டீம்

அந்த வட்ட வில்லையை மூக்கருகே கொண்டு போனால் முதலில் தோல் வாசனை வரும், பிறகு யூரியா, கடைசியில் நைனாவின் வியர்வை. இலந்தவடை அளவே இருந்த அந்தப் பிளாஸ்டிக் சாமான் என் அப்பாவின், அதாவது எங்கள் பக்கத்து வழக்கப்படி நைனாவின், அகலமான பச்சை பெல்ட்டில் மூன்று மாதம் தொங்கியதால் ஏறிய வாசனை அது. அதற்குள் ஒரு மொட்டு இருந்தது. நிஜ மொட்டு இல்லை, வீடியோ கேமில் சண்டை போடுகிற ஒரு குட்டிப் பிராணி. வில்லையை யாராவது இடுப்பில் மாட்டிக்கொண்டு நடந்தால் அந்த நடையைத் தின்று அது வளரும். அதை வளர்ப்பதற்காக, இரண்டு ஏக்கர் கழனிக்குச் சொந்தக்காரரான ஒரு மனிதரை நான் வேலை வாங்கினேன். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது, கொஞ்சமும் வெட்கப்படவில்லை.

கேம் ஆடுகிற செட்டைக் கொடுத்தவன் அத்தை மகன் தினேஷ். பெரம்பூரில் இருந்தான், என்னைவிட இரண்டு வயது பெரியவன், முறைப்படி எனக்கு "பாவா", அதாவது கட்டிக்கொள்கிற முறை. பெரியவர்கள் அந்த முறையைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும்போதெல்லாம் அவன் தலையில் ஒரு குட்டு வைக்கலாமா என்றிருக்கும். அவனுக்கு வெளிநாட்டிலிருந்து புது செட் வந்துவிட்டதால், புத்தகம் மாதிரி மடிக்கிற அந்தப் பழைய செட்டை, கூட வந்த வில்லையோடு சேர்த்து, பொங்கலுக்கு வந்தபோது என்னிடம் விட்டுப்போனான். இரண்டாயிரங்களின் கடைசி அது. எங்கள் தெருவில் கம்ப்யூட்டர் இருந்த வீடே ஒன்றுதான், ஆகையால் நான் ஒரு வாரத்துக்குத் தரையில் நடக்கவில்லை.

விளையாட்டைப் பற்றித் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அதில் நூற்றுக்கணக்கான பிராணிகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஓர் இனம் உண்டு: நெருப்பு, நீர், இலை, மண், இரும்பு, விஷம் என்று. நெருப்பு இலையை எரிக்கும், நீர் நெருப்பை அணைக்கும், இலை நீரைக் குடித்துவிடும். ஆறு பிராணிகளைப் பிடித்துப் பழக்கி எதிராளியின் ஆறோடு மோதவிட வேண்டும். புத்தியுள்ளவர்கள் இனத்துக்கு ஒன்றாகச் சேர்ப்பார்கள். நான் ஆறையும் இலையாகவே சேர்த்தேன். ஆரம்பத்தில் பிடித்த பிராணி, வேர்க்கடலை முளைத்து மண்ணைத் தள்ளிக்கொண்டு தலை தூக்குமே, அப்படியே இருந்தது. அதற்கு "முளை" என்று பெயர் வைத்த பிறகு வேறு இனத்தைத் தொட எனக்கு மனசே வரவில்லை. ஏப்ரலில் வந்த தினேஷ் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாடி இது, டீமா கீரைக்கட்டா?" என்று கேட்டான். அவனிடம் நெருப்புச் சிங்கம் ஒன்று இருந்தது. ஆடிக்கிருத்திகைக்குக் காவடி எடுக்க வரும்போது ஒரு மேட்ச், நான் தோற்றால் செட் அவனுக்கே திரும்பிப் போய்விடும் என்று அவனாகவே சட்டம் போட்டான். ரோஷத்தில் நானும் "ஆங்" என்றுவிட்டேன்.

அன்றைக்கு நைனாவிடம் அழுதுகொண்டே விஷயத்தைச் சொன்னேன். அவர் பம்புசெட் வால்வைக் கழுவிக்கொண்டே கேட்டுவிட்டு, "எல்லாத்தையும் ஒரே பயிரா போட்டா புகையான் ஒண்ணு போதும், கழனியே கருகிப்பூடும்" என்றார். புகையான் என்பது நெல்லைத் தாக்கும் பூச்சி. அது விழுந்த வயல் தீ வைத்தது போலக் காய்ந்து கிடக்கும். நெல்லை விடாமலே தப்பிக்க வழியில்லையா என்று கேட்டேன். "ஊடுபயிர் போடு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அவர் தெரிந்து சொன்னாரா, சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, ஆனால் எனக்கு வழி திறந்துவிட்டது. இலையாக இருந்துகொண்டே இன்னொரு இனமாகவும் இருக்கிற பிராணிகள் அந்த விளையாட்டில் இருந்தன.

பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து பிரவுசிங் சென்டரில் ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் உட்கார்ந்து, அட்டவணைகளை ஒரு லாங் சைஸ் நோட்டில் காப்பியடித்தேன். பள்ளிக்கூடக் கணக்கில் நாற்பதைத் தாண்டாத நான், எந்தப் பிராணிக்கு எவ்வளவு உயிர், எவ்வளவு வேகம் என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். தலையில் தாமரையிலை வைத்திருந்த ஒன்று பாதி நீர், நெருப்பு அதை அவ்வளவாகச் சுடாது. முதுகில் மரம் முளைத்த ஆமை பாதி மண், அது ஒரு குதி குதித்தால் நெருப்பு இனத்துக்கு எலும்பு நொறுங்கும். இரும்பு முள் வைத்த ஒன்று, ஊமத்தை மாதிரி விஷம் கக்குகிற ஒன்று, இவற்றோடு என் முளை. முளைக்கு நான் கற்றுக்கொடுத்த வித்தைதான் உயிரான வித்தை. எதிரியின் மேல் ஒரு விதையை வீசிவிட்டால், புல்லுருவி மாமரத்தைக் குடிப்பது போல அது ஆட்டம் முடியும்வரை கொஞ்சம் கொஞ்சமாக உயிரை உறிஞ்சி எனக்குத் தந்துகொண்டே இருக்கும். ஆனால் விதை வீசுவதற்கு முன்னால் சிங்கம் தீயைக் கக்கிவிட்டால் எல்லாம் சாம்பல். ஆகவே சிங்கத்தைவிட ஓர் எண்ணாவது வேகம் கூடிய ஒரு பிராணி முதலில் இறங்கி, தூக்கப் பொடி தூவ வேண்டும். நோட்டு முழுக்கத் தேடியதில் அப்படி ஒன்றே ஒன்றுதான் அகப்பட்டது: மொட்டு மலர்ந்தால் வருகிற பூ. மொட்டு மலர ஐந்து லட்சம் அடி நடக்க வேண்டும்.

ஐந்து லட்சம் அடிக்கு நான் எங்கே போவேன்? அம்மா என்னைத் தெருமுனைக்கே அனுப்பமாட்டாள். நைனாதான் தினமும் விடிகாலையில் மலைக்கோயிலுக்குப் படியேறுகிறவர். முந்நூற்று அறுபத்தைந்து படி ஏறி, கும்பிட்டு, இறங்கி, சைக்கிளில் எங்கள் கழனி இருக்கிற கே.ஜி.கண்டிகைக்குப் போய் வரப்பில் நடந்து திரும்புவார். மழையோ காய்ச்சலோ, ஒரு நாள் தவறியதில்லை என்று சரவணப் பொய்கைத் தெரு முழுக்க அவருக்குப் பேர் இருந்தது. அந்தப் பேரில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. பெல்ட்டில் வில்லையை மாட்டிவிட்டேன். சாயங்காலம் சைக்கிள் மணி கேட்டதும் ஓடிப்போய் அவர் இடுப்பிலிருந்து அதைக் கழற்றி, நோட்டில் தேதி போட்டு எண்ணிக்கையை எழுதுவேன். ஆறாயிரம், ஆறாயிரத்து இருநூறு என்று வரும். "இன்னிக்கு உம் புள்ள வயிறாரத் துன்னுச்சா?" என்று கேட்பார்.

ஆனி பிறந்ததும் எண்ணிக்கை சரியத் தொடங்கியது. நாலாயிரத்துத் தொள்ளாயிரம், அடுத்த நாள் நாலாயிரம், அப்புறம் மூவாயிரம்கூடத் தேறவில்லை. இந்தக் கணக்கில் போனால் கிருத்திகை முடிந்து ஆவணி பிறந்துவிடும். கேட்டதற்கு, வரப்பில் கழன்று விழுந்துவிட்டது என்றார். இன்னொரு நாள் சட்டையோடு சேர்த்துக் கழற்றி வைத்துவிட்டேன் என்றார். நான் நம்பவில்லை. நோட்டில் அந்த நாட்களைச் சிவப்பு மையில் வட்டம் போட்டுப் பக்கத்தில் குறிப்பும் எழுதினேன். "உன்னாலதான் நான் தோக்கப் போறேன், போ" என்று அவர் முகத்துக்கு நேராகக் கத்திவிட்டு, அன்றைக்குச் சாப்பிடாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் சாயங்காலம் வில்லையில் ஒன்பதாயிரம் இருந்தது. அதற்கு மறுநாளும் ஒன்பதாயிரத்துச் சொச்சம். மூன்று வாரத்தில் மொட்டு மலர்ந்தது, நான் நைனாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு குதித்தேன். அவர் மெதுவாக உட்கார்ந்து என் குதியாட்டத்துக்கு ஈடுகொடுத்தார்.

கிருத்திகையன்று அத்தை குடும்பம் பூக்காவடியோடு வந்தது. எல்லோரும் படியேறினோம். கூட்டத்தில் வீட்டைப் பூட்டிவிட்டு வரக்கூடாது என்று சொல்லி நைனா மட்டும் தங்கிவிட்டார். அது எனக்கு வித்தியாசமாகவே படவில்லை, மண்டைக்குள் மேட்ச்தான் ஓடிக்கொண்டிருந்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கூடத்து நடுவில் எதிரெதிரே உட்கார்ந்தோம். தினேஷ் நினைத்தபடியே சிங்கத்தை இறக்கினான். என் பூ முந்திக்கொண்டு பொடியைத் தூவ, சிங்கம் தூங்கிப்போயிற்று. முளை விதையை வீசியது. அப்புறம் தாமரையிலை, ஆமை என்று வரிசையாக வந்தன. அவனும் லேசில் விடவில்லை, என்னுடையதில் ஐந்தைச் சாய்த்தான். கடைசியில் அவனிடம் ஒரு நெருப்புப் பறவை, என்னிடம் சொட்டு உயிரோடு முளை. பறவைமேலும் வீசியிருந்த விதை உறிஞ்சி உறிஞ்சி, பறவைதான் முதலில் விழுந்தது.

தினேஷுக்கு முகம் செத்துவிட்டது. வில்லையை எடுத்துப் பட்டனை அமுக்கினான். எந்த மணிக்கு எவ்வளவு நடை என்று கோடு கோடாகக் காட்டுகிற வசதி அதில் இருந்தது, எனக்கு அது தெரியாது. "அஞ்சு மணிலேர்ந்து ஆறுக்குள்ள ஒன்பதாயிரமா? மலை ஏறுற மனுசன் ஓடிகினா ஏறுவாரு? கையில வச்சி ஆட்டியிருக்கே. கள்ளாட்டம். செட்டைக் குடு" என்றான். கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் செய்கிறேன் என்று அழுதேன். யாரும் நம்பினதாகத் தெரியவில்லை.

"அவ ஆட்டல. நான்தான் ஆட்டினேன்" என்றார் நைனா.

அத்தை வெற்றிலையை மடித்தபடியே, "நீ இன்னாத்துக்குண்ணா ஆட்டினே? தெனம் படி ஏறுறவன்தானே நீ" என்று கேட்டாள்.

"ஏறி ஒன்றரை மாசம் ஆவுது. முட்டி மடங்கல. அடிவாரத்துல குந்திகினு ஒரு மணி நேரம் ஆட்டிட்டு வந்துடுவேன்." சொல்லிவிட்டு லேசாகச் சிரிக்கவும் பார்த்தார். சாமியாடி என்று நினைத்து ஒரு அம்மாள் அவரிடம் திருநீறு கேட்டாளாம், இவரும் பூசி அனுப்பினாராம். யாரும் சிரிக்கவில்லை. அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவர் முட்டியைத் தொட்டுப் பார்த்தாள். மடை திருப்புவதற்குக்கூடப் பக்கத்துக் கழனி ஆளைக் கெஞ்சிக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

எனக்கு வந்தது கோபம்தான், அதை மறைக்க விரும்பவில்லை. "ஏன் நைனா இப்படிப் பண்ணே? இப்ப என் மேட்சே செல்லாதே" என்று செட்டைத் தினேஷ் பக்கம் தள்ளினேன்.

"நீ சாப்பிடாம படுத்துகினியே பாப்பா" என்றார்.

மறுநாள் காலையில் அத்தை வீட்டார் கிளம்பும்போது செட் என் புத்தகப் பையின் மேல் இருந்தது. "மாமா ஆட்டினதும் நடைதான், வச்சிக்கோ" என்று தினேஷ் வாசலிலிருந்தே சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறிக்கொண்டான். அந்த ஒரு வார்த்தைக்காக அவனை இன்றும் எனக்குப் பிடிக்கும். முறை சொல்லிச் சிரித்தவர்கள் ஏமாந்துதான் போனார்கள், அவன் கல்யாணத்தில் நான் பந்தி பரிமாறினேன்.

அந்த வாரமே நைனாவை அரக்கோணத்து எலும்பு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனோம். எப்போதிலிருந்து வலி என்று டாக்டர் கேட்டார். "இப்பத்தாங்க, ஒரு வாரமா" என்றார் நைனா. அம்மாவுக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. நான் பையிலிருந்த லாங் சைஸ் நோட்டை எடுத்து மேஜைமேல் வைத்தேன். ஊமத்தையின் வேகத்துக்கும் ஆமையின் உயிருக்கும் நடுவில் தேதிவாரியாக எல்லாம் இருந்தது: எந்த நாளில் நடை குறைந்தது, எந்த நாளில் பாதியானது. டாக்டர் விரலை வைத்து வரிசையாகப் படித்துக்கொண்டே வந்து, சிவப்பு வட்டத்துக்குப் பக்கத்தில் நான் எழுதியிருந்ததை வாய்விட்டுப் படித்தார்: "நைனா ஏமாத்துகிறார்." பிறகு நைனாவைப் பார்த்து, "நோட்டு சொல்றது சரிதானேங்க?" என்று கேட்டார். சிங்கத்தின் உயிரைச் சொட்டுக் கணக்கில் அறிந்திருந்தவள் நான், ஆனால் ஒரே வீட்டில் இருக்கிற மனிதர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பதைப் பார்க்கவில்லை. அவமானமாக இருந்தது, இப்போது எழுதும்போதும் இருக்கிறது.

மருந்தும் முட்டிப் பட்டையும் கொடுத்து, படி மட்டும் இனி ஏறக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். முதல் தடவை மலைக்கு பஸ்ஸில் போனபோது நைனா வழி நெடுக ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை.

இப்போது அந்த செட் இல்லை. பேட்டரி உப்பி மூடி பிளந்துவிட்டது, ஆறு பிராணிகளும் அதோடு போயின. பிரவுசிங் சென்டர் இருந்த இடத்தில் செல்போன் கவர் விற்கிறார்கள். விடிகாலையில் படியேறுகிறவர்களின் கையிலும் இடுப்பிலும் இருக்கிற போனே அடியை எண்ணிக்கொள்கிறது, அதைப் பார்க்க வீட்டில் யாரும் ஓடிவர வேண்டியதில்லை. எனக்குச் சென்னையில் வேலை, மாதத்துக்கு இரண்டு முறை ஊருக்குப் போகிறேன். நைனா எழுந்து வந்து கதவைத் திறப்பார். நான் உள்ளே போகாமல் அவர் திரும்பி நடப்பதையே பார்த்துக்கொண்டு நிற்பேன். "இன்னா பாக்குறே, நல்லாத்தான் கீறேன்" என்பார். நான் நம்புவதில்லை.