புள்ளடி போட்ட ஸ்டேசன்

எங்கள் வீட்டில் பெருவிரலில் மை பூசாமல் பேனையால் கையெழுத்து வைத்த முதல் ஆள் நான். அப்பா, அம்மா, அண்ணை மூவரும் சுண்ணாம்புக்கல் உடைத்தவர்கள். அவர்கள் உடைத்த கல்லில்தான் நான் பத்தாம் வகுப்பு வரை போனேன். வீட்டுக்கு எந்தக் கடிதம் வந்தாலும் முதலில் என் கைக்குத்தான் வரும். அண்ணையும் நானும் சுவிஸுக்கு வந்த பிறகும் அதுவே வழக்கம். அங்கத்தைய டொச், அதாவது ஜெர்மன் மொழி, எனக்கும் தெரியாது. ஆனால் எழுத்து ஆங்கில எழுத்துத்தானே, கூட்டி வாசித்துவிடுவேன். அந்தப் பெருமை எனக்கு இருந்தது. நான் அதை மறைத்ததும் இல்லை.

ஏரிக்கரையில் மூடிக் கிடந்த ஒரு பழைய விடுதியில் எங்களைத் தங்க வைத்திருந்தார்கள். நாங்கள் அதைக் காம்ப் என்போம். அங்கிருந்து பத்து நிமிட நடையில் ஸ்டேசன். ஸ்டேசன் என்றால் ஒரு மரக்கொட்டகை, உட்கார ஒரு வாங்கு, ஒரு மணிக்கூடு, கண்ணாடிக்குள் மஞ்சள் நிற நேர அட்டவணை. வேலைக்கு ஒருவரும் இல்லை. தண்டவாளத்துக்கு அப்பால் நாணல், அதற்கப்பால் ஏரி. ஒற்றைத் தண்டவாளம் கரையோடு வளைந்து போகும்.

அன்று ஆரா நகரத்தில் அண்ணைக்கு விசாரணை, காலை ஒன்பதரைக்கு. அவர் இந்த நாட்டில் இருக்கலாமா, திரும்பிப் போக வேண்டுமா என்பதற்கான விசாரணை. எனக்கு அடுத்த கிழமை. காரணமில்லாமல் வராவிட்டால் இருக்கிற தாள்களை வைத்தே முடிவு செய்வார்கள் என்று கடிதத்தில் இருந்ததாகக் காம்ப்பில் டொச் தெரிந்த ஒருவர் சொன்னார். அண்ணையின் தாள்களில் பெயரைத் தவிர ஒன்றும் இல்லை. அவருடைய கதை முழுக்க அவருடைய வாயில்தான் இருந்தது. வழி வாசித்துக் கூட்டிக்கொண்டு போகும் பொறுப்பு என்னுடையது.

எட்டு மணிக்கே ஸ்டேசனில் நின்றோம். அண்ணை யாரோ கொடுத்த கோட்டைப் போட்டிருந்தார். அதன் கை மட்டும் அரை முழம் கூடுதல். நான் அட்டவணையை வாசித்தேன். அந்தப் பாதையில் எங்கள் ஸ்டேசனின் பெயருக்குப் பக்கத்தில் மட்டும் பெருக்கல் குறி மாதிரிச் சின்னதாக ஒரு புள்ளடி இருந்தது. ஊரில் தேர்தலில் போடுவோமே, அதே புள்ளடி. கீழே அதற்கு விளக்கமும் எழுதியிருந்தது. மூன்று சொற்கள். முதல் சொல் ‘ஹால்ட்’. எல்லையில் பொலிஸ்காரன் எங்களைப் பார்த்துக் கத்திய சொல் அது. அர்த்தம் தெரியும், ‘நில்’. மற்ற இரண்டும் தெரியாது.

“புள்ளடி போட்ட இடத்தில ரயில் நிக்கும் எண்டு எழுதியிருக்கு, அண்ணை” என்றேன்.

“ஊரில நான் போட்ட புள்ளடிக்கு ஒண்டும் நடக்கேல்லை. இஞ்ச ரயிலே நிக்குதோ?” என்று சிரித்தார்.

எட்டு பன்னிரண்டுக்குச் சரியாக வளைவில் ரயில் தெரிந்தது. அண்ணை வாங்கிலிருந்து எழும்பி, அந்த நீளக் கையை உயர்த்தினார்.

நான் பாய்ந்து அதைப் பிடித்து இறக்கினேன். “இதென்ன ஊர் மினிபஸ்ஸோ? கையை இறக்குங்கோ. பாக்கிறவை சிரிப்பினம்.”

“கை காட்டாமல் எப்பிடியடி நிக்கும்?”

“அது நிக்கும். எழுதிக் கிடக்கு. பின்னுக்கு வாங்கோ.”

“ஓம், ஓம். படிச்ச ஆள் சொன்னாச் சரிதான்.”

நாங்கள் இரண்டடி பின்னால் போனோம். ரயில் கொஞ்சம் வேகம் குறைத்தது. சாரதியின் முகம் தெரிந்தது. அவர் எங்களைப் பார்த்தார், அண்ணையின் கை இறங்கியதைப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டு தன் கையை ஆட்டிவிட்டு எங்களைக் கடந்து போனார்.

கடைசிப் பெட்டியும் போய், நாணல் ஆடி அடங்கி, ஏரி மறுபடி தெரிந்தபோதும் நான் அதே இடத்தில் நின்றேன். வாய் திறந்திருந்தது என்பது பல் குளிர்ந்தபோதுதான் தெரிந்தது. இந்த நாட்டில் எழுதியிருப்பது நடக்கும் என்று நம்பியிருந்தேன். எழுதியிருப்பதை என்னால் வாசிக்க முடியும் என்றும் நம்பியிருந்தேன். ஓடிப்போய் அட்டவணையைத் திரும்பப் பார்த்தேன். புள்ளடி அங்கேயே இருந்தது.

அடுத்த ரயில் ஒரு மணித்தியாலம் கழித்து. அண்ணை வாங்கில் இருந்தபடி தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாயிருக்கும்.

ஒன்பது மணி தாண்டி ஒரு பெண் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். ரயில் வளைவில் தெரிந்ததும், மற்றக் கையால் குழந்தையின் தொப்பியைச் சரி செய்தபடி, ஒரு கையை உயர்த்தினாள். ரயில் நின்றது.

அண்ணைதான் என் தோளைத் தள்ளி ஏற்றினார். “மினிபஸ்தான்” என்று மட்டும் சொன்னார்.

ஆராவில் அந்த அறைக்குள் நுழைந்தபோது பத்தேகால் தாண்டிவிட்டது. அதிகாரி கோப்பைக் கட்டிக்கொண்டிருந்தார். தமிழ் மொழிபெயர்ப்பாளர் கோட்டுக்குள் ஒரு கை விட்டிருந்தார். ஏன் தாமதம் என்று கேட்டார்கள். “ரயில் பிந்தி...” என்று நான் ஆங்கிலத்தில் தொடங்கினேன். கூசாமல் அந்தப் பொய் என் வாயில் வந்தது.

அண்ணை குறுக்கே விழுந்தார். “ஐயா, பொய் எழுதிப்போடாதேங்கோ” என்று மொழிபெயர்ப்பாளரிடம் சொன்னார். “ரயில் நேரத்துக்குத்தான் வந்தது. எங்கட ஸ்டேசனில கை காட்டினாத்தான் நிக்குமாம். நான் கை காட்டேல்லை. அது போயிட்டுது.”

‘நான் கை காட்டேல்லை’ என்றார். காட்டிய கையை நான் இறக்கிவிட்டதை அவர் சொல்லவேயில்லை.

அதிகாரி ஸ்டேசனின் பெயரைக் கேட்டார். கேட்டுவிட்டு, மொழிபெயர்ப்பாளரிடம் ஏதோ சொன்னார். மொழிபெயர்ப்பாளருக்குச் சிரிப்பு வந்தது. “அதிகாரியின்ர மாமியையும் அந்த ஸ்டேசனில ரயில் ஒருக்கா விட்டிட்டுப் போனதாம்” என்றார் எங்களிடம். ‘ரயில் பிந்தியது’ என்றிருந்தால் ஒரு போன் அடித்துப் பார்த்திருப்பார்கள் என்றும் மெல்லச் சொன்னார். அதிகாரி கோப்பைத் திரும்ப அவிழ்த்தார். என்னை வெளியே இருக்கச் சொன்னார்கள். அண்ணை மூன்று மணித்தியாலம் கதைத்தார்.

திரும்பும் ரயிலில் ஏரி தெரியத் தொடங்கியதும் அண்ணை கேட்டார்: “இறங்கவும் ஏதும் செய்யோணுமோ?”

அதை நான் யோசிக்கவேயில்லை.

“தெரியாது, அண்ணை” என்றேன்.

எழுத்துச் சம்பந்தமாக அவரிடம் நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். நான் எழும்பி, ஆடுகிற பெட்டிக்குள் பிடித்துப் பிடித்து நடந்து, ரிக்கற் பார்ப்பவரிடம் போனேன். ஸ்டேசன் பெயரைச் சொல்லி, “ஹால்ட்?” என்று கேட்டேன். அவர் தலையாட்டிவிட்டுக் கதவுப் பக்கம் இருந்த ஒரு பொத்தானை அமத்தினார்.

மரக்கொட்டகை கண்ணில் படும்வரை நான் அந்தக் கதவுக் கம்பியை விடவில்லை.