என் கால் இருந்த இடம்

மலேசியாவின் கிள்ளானில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் தொழில். பயிற்சி வண்டியில் என் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. என் வலது கால் எப்போதும் அதன் மேல்தான் இருக்கும். மாணவர் தவறு செய்வதற்கு முன்பே மிதித்துவிடுவேன். நல்ல வாத்தியாருக்கு அதுதான் அழகு என்று நினைத்திருந்தேன்.

அன்று துணிக்கடையில் வேலை பார்க்கும் செல்வி ஓட்டினார். டிராபிக் லைட்டில் பச்சை விழுந்ததும் வண்டி அணைந்துவிட்டது. பின்னால் ஹாரன் அலறியது. அந்தக் காரிலிருந்து ஒருவன் ஸ்டேரிங்கைப் பூட்டும் இரும்புத் தடியோடு இறங்கி ஓடிவந்தான். முதல் அடியில் பக்கக் கண்ணாடி பறந்தது. அடுத்த அடியில் செல்வியின் ஜன்னல் நொறுங்கி அவர் மடியில் கொட்டியது. கன்னத்தில் ரத்தம் வழிந்தது.

“காடிய எடும்மா, போயிரு,” என்று கத்தினேன். அவர் ஸ்டார்ட் செய்தார். வண்டி குலுங்கி மறுபடியும் அணைந்தது.

“கிளட்ச்ச மெதுவா விடத் தெரியாதா?”

அவன் செல்வியின் தலையைக் குறிவைத்துத் தடியை ஓங்கினான். செல்வி என்னைப் பார்த்தார்.

“சார், பிரேக்லருந்து உங்க கால எடுங்க லா.”

குனிந்து பார்த்தேன். முழு பலத்தோடு மிதித்துக்கொண்டிருந்தேன். காலை எடுத்தேன். செல்வி மறுபடியும் ஸ்டார்ட் செய்ததும் வண்டி பாய்ந்தது. தடி பின்கதவில் இறங்கியது.

இப்போதெல்லாம் என் கால் பிரேக்குக்குப் பக்கத்தில், தரையில் இருக்கிறது. ஆபத்து வந்தால் மிதிப்பேன். எனக்குப் பயம் வந்தால் மிதிப்பதில்லை. இதை முதல் நாளே மாணவர்களிடம் சொல்லிவிடுகிறேன்.

கன்னத்தில் தையலோடு திரும்பி வந்த செல்வி மட்டும் நம்பவில்லை. கியர் போடுவதற்கு முன் ஒருமுறை குனிந்து, என் காலைப் பார்த்துக்கொள்கிறார்.