எந்த மாதம் என்று லாத்தாவிடம் கேட்கவில்லை

நோன்புப் பிறை பார்க்க மொட்டை மாடிக்குப் போன அன்றுதான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. கடலூர் ஓ.டி. என்கிற பழைய டவுனில் எங்கள் தெருவே மாடிகளில் ஏறி நின்று மேற்கே பார்த்துக்கொண்டிருந்தது. எல்லாரும் தலையை நிமிர்த்தி எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே தேடினார்கள். என் அக்கா மட்டும் எங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை நான் லாத்தா என்றுதான் கூப்பிடுவேன். யார் முகமாவது மலர்ந்தால் பிறை தெரிந்துவிட்டது என்று அவள் எடுத்துக்கொள்வாள்.

"தெரியுதா?"

"தெரியுது லாத்தா. தொட்டிக்கு மேல, கொஞ்சம் இடது கைப் பக்கமா."

கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு இடுப்பிலிருந்து உடம்பு முழுவதையும் பின்னால் சாய்த்தாள். கழுத்து நிமிர வராது என்பதால் அவளுக்கு அது ஒன்றுதான் வழி. அதற்குள் மேகம் மூடிவிட்டது.

"விடு, நீங்க பாத்தாச்சுல்ல" என்று சிரித்தாள்.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அடுத்த நோன்புப் பிறையை இவள் பார்க்க வேண்டும், இந்த வருடமே சீனாவுக்குக் கூட்டிப்போக வேண்டும், எந்த மாதம் என்பதை நானே கண்டுபிடிக்கிறேன் என்று படியிறங்கும்போதே முடிவு செய்துவிட்டேன். அவசர முடிவுகள் எனக்குப் புதிதல்ல.

சீனா எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். ஆறு வருடத்துக்கு முன் ஒரு பெருநாள் காலையில் கொதிக்கிற எண்ணெய்ச் சட்டி சாய்ந்து லாத்தாவின் மோவாயிலிருந்து நெஞ்சு வரை வெந்துபோனது. புண் ஆறியது. ஆறிய தோல் இறுகி மோவாயைக் கீழே இழுத்துக்கொண்டது. மூன்று வருடத்துக்கு முன் புதுச்சேரியில் அறுவை செய்து கழுத்தை விடுவித்தார்கள். பத்தே மாதத்தில் தோல் மறுபடி இழுத்துக்கொண்டது. ஏன் என்று குடும்பத்தில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "டாக்டர் குடுத்த கழுத்துக் காலரை அவ ஒழுங்கா போடல."

உம்மாவின் தம்பி, எங்கள் மாமா, சிதம்பரம் மேல வீதியில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கிறார். ஏப்ரலிலும் அக்டோபரிலும் கிளிப்பு, பை, பொம்மை எடுக்கச் சீனாவில் குவாங்சோ போவார். அங்கே அவருக்கு மொழிபெயர்க்கும் தமிழர் ஒருவர் மூலம் லாத்தாவின் ரிப்போர்ட்டுகளை ஒரு மருத்துவமனைக்கு அனுப்பியிருந்தார். பதில் வந்து மூன்று மாதமாக அவர் போனிலேயே தூங்கியது. செய்யலாம், ஆறு வாரம் தங்க வேண்டும், பிறகு குறைந்தது ஆறு மாதம் கழுத்தில் இரவும் பகலும் காலர், எந்த மாதம் என்பது உங்கள் வசதி. அவ்வளவுதான் பதில்.

உங்கள் வசதி. அந்த இரண்டு சொல்லில்தான் நான் விழுந்தேன்.

மாமா கடையின் போன வருடக் காலண்டரைத் திருப்பிப்போட்டு, பின்பக்கத்தில் பன்னிரண்டு கட்டம் கட்டினேன். மூன்று நாள் இணையத்தில் கிடந்தேன். ஜனவரி, பிப்ரவரி: அவர்கள் புத்தாண்டு, ஊரே சொந்த ஊருக்குப் போய்விடும், புது நோயாளியை யார் பார்ப்பார்கள்? சிவப்பு. மார்ச்: இங்கே நோன்பு, பெருநாள். சிவப்பு. ஜூன் முதல் செப்டம்பர் வரை: புழுக்கம், புயல்; மேயில் போனாலும் அதில்தான் போய் முடியும். சிவப்பு. அக்டோபர்: முதல் வாரம் நாடு முழுக்க விடுமுறை, அந்தக் கூட்டம் ஓயவே நாளாகும். சிவப்பு. நவம்பர், டிசம்பர்: அங்கே அருமையான காலம், ஆனால் இங்கே புயல் மாதம். அதைக் கடலூர்க்காரிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. விமானம் ரத்தானால்? சிவப்பு. மிச்சம் ஏப்ரல். முதல் வாரம் கல்லறைகளுக்குப் போகிற விடுமுறை, அதை விட்டுவிடலாம். மழை உண்டு, குடை இருக்கிறது. ஏப்ரலைச் சுற்றிப் பச்சையில் பெரிய வட்டம் போட்டேன். படித்த படிப்புக்கு முதல்முறையாக ஒரு பிரயோசனம் என்று பெருமையாகக்கூட இருந்தது.

படம் எடுத்து மாமாவுக்கு அனுப்பினேன். உடனே குரல் பதிவு வந்தது.

"சபாஷ் புள்ள! படிச்ச புள்ளன்னா இப்படி இருக்கணும். நானும் ஏப்ரல்லதான போறேன். என்கூடவே வந்துடட்டும். போறப்ப ஆஸ்பத்திரில உட்டுர்றேன். எப்படியாச்சும் சீக்கிரம் முடிக்கச் சொல்லி, வர்றப்ப சரக்கோட சரக்கா அழைச்சிட்டு வந்துர்றேன்."

அதைக் கேட்டு நான் சிரித்தேன். இன்று வரை அந்தச் சிரிப்புக்காக என்னை மன்னிக்கவில்லை.

பிறகுதான் லாத்தாவிடம் காட்டினேன். வரிசையைக் கவனியுங்கள்: மாமாவுக்கு அப்புறம் லாத்தா. அவள் டியூஷன் பிள்ளைகளின் கணக்கு நோட்டுகளை மடியில் வைத்துத் திருத்திக்கொண்டிருந்தாள். மேஜையை விட மடிதான் அவள் கண்ணுக்கு நேராக இருக்கும். காலண்டரை வாங்கி, கட்டம் கட்டமாகப் பொறுமையாகப் படித்தாள்.

"கலரெல்லாம் போட்டு அழகாத்தான் இருக்கு. இதெல்லாம் அங்க அடிக்கிற வெயிலு, அங்க பேயிற மழ. அங்க நான் எத்தினி நாள் இருப்பேன்?"

"ஆறு வாரம்."

"அப்புறம்?"

"இங்க வந்துடுவ."

"எந்த மாசம்?"

நான் விரல் விட்டு எண்ணினேன். "மே கடைசி."

"ஆறு மாசம் கழுத்துல காலரோட இந்த ஊர்ல கெடக்கப் போறது நானு. அதுக்கான கட்டம் எங்க?"

அவள் சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு, மூன்று வருடமாகச் சொல்லாததைச் சொன்னாள். அந்த அறுவை நடந்தது மே மாதம். கத்திரி வெயில். காலருக்குள் வியர்வை இறங்கிப் புதுத் தோல் ஊறிப்போய் உரிந்தது. கரண்ட் போனால் யாரோ கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது போல இருக்குமாம். முதலில் ஒரு மணி நேரம் கழற்றி வைத்தாள். பிறகு இரண்டு மணி. நாற்பதாவது நாள் மொத்தமாகக் கழற்றிவிட்டாள்.

"ஏன் லாத்தா சொல்லல?"

"சொன்னேனே. தாங்கலன்னு சொன்னேன். பழகிடும்னாங்க. கழுத்துல கம்பளியச் சுத்திக்கிட்டு கத்திரில உக்காந்து பாரு, பழகுதான்னு."

"அப்ப ஏன் மே மாசத்துல வெச்சாங்க?"

"பெருநாள் யாவாரம் முடிஞ்சி மாமாவுக்குக் கட ஓய்வா இருந்துச்சு. வேன் அவருதான ஓட்டணும்."

கடை ஓய்வாக இருந்தது! ஒரு பெண்ணின் கழுத்து மறுபடி மூடிக்கொண்டதற்குக் காரணம் அதுதான். மாதத்தைத் தேர்ந்தெடுத்தவர் ஒருத்தர், பழி சுமந்தவள் இன்னொருத்தி. மூன்று வருடமாக ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் "நீ கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாம்ல" என்று பிரியாணித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவளுக்குப் புத்தி சொன்னவர்களை எல்லாம் வரிசையாக நிற்க வைத்துக் கத்த வேண்டும் போல இருந்தது. அந்த வரிசையில் நானும் நிற்க வேண்டும். கல்லூரி இரண்டாம் வருடத்தில், ஏதோ சண்டையில், "ஒழுங்கா போட்டிருந்தா இந்நேரம் சரியாயிருக்கும்" என்று நானும் சொல்லியிருக்கிறேன். அவள் மறந்திருக்க மாட்டாள். நான் மறந்துபோயிருந்தேன். இப்போது பச்சை வட்டம் போட்டு அதே மாதங்களை மறுபடி அவள் கழுத்தில் மாட்டப் பார்த்திருக்கிறேன், அதுவும் ஆராய்ச்சி செய்து.

நோன்புப் பெருநாள் முடிந்த மறுவாரம், பீரோவின் அடியிலிருந்து அந்தப் பழைய காலரை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறினேன். ஆலப்பாக்கம் தாண்டும்போதே ஜன்னல் கம்பி சுட்டது. கடைக்குள் நுழைந்தபோது மதியம் பன்னிரண்டு. மாமா கல்லாவில் இருந்தார். கடையில் வேலை பார்க்கும் இரண்டு அக்காமார்கள் வளையல் அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னா புள்ள, சொல்லாம கொள்ளாம? டிக்கெட் போடவா? உன் அக்கா பேர் எழுத்தெல்லாம் சரியா அனுப்பு."

"டிக்கெட் இருக்கட்டும் மாமா. இத ஒரு பத்து நிமிஷம் போட்டுக்கிட்டு யாவாரம் பாருங்க."

காலரைப் பார்த்ததும் சிரித்தார். மாமா விளையாட்டுக்கு எப்போதும் தயார். அவரிடம் எனக்குப் பிடித்ததே அதுதான். நானே இறுக்கி மாட்டிவிட்டேன், டாக்டர் லாத்தாவுக்கு மாட்டிக் காட்டிய அதே அளவு இறுக்கத்தில். அக்காமார்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

ஹேர்பேண்ட் வாங்க வந்த ஓர் அம்மா பதறிப்போனார். "இன்னா பாய், கழுத்து சுளுக்கிக்கிச்சா?"

"ஒண்ணுமில்லம்மா, அக்கா மவ வெளயாடுறா."

சில்லறை எடுக்க இழுப்பறையைக் குனிந்து பார்க்க முடியவில்லை. கையால் துழாவினார். மூன்றாவது நிமிடம் காலருக்குள் விரலை விட்டார். ஐந்தாவது நிமிடம் சட்டைக் காலர் நனைந்துவிட்டது. ஏழு நிமிடம்கூட ஆகவில்லை, பட்டையைப் பிய்த்து எடுத்தார்.

"நெறிக்குது புள்ள. சே, இன்னா எழவு இது."

"இது பங்குனி மாமா. சித்திரை இன்னும் பொறக்கவே இல்ல. உங்க தலைக்கு மேல ஃபேன் ஓடுது. தீஞ்ச தோலு கெடையாது உங்களுக்கு."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். காலரைக் கீழே வைக்கவில்லை, கையிலேயே வைத்திருந்தார்.

"அவ இத எத்தினி நாள் போட்டிருந்தா?"

"நாப்பது நாள்."

காலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அது எனக்குத் திருப்தியாக இருந்தது. ஆனால் மாமா சும்மா இருக்கிற ஆளா?

"செரி, ஏப்ரல் வாணாம். அக்டோபர்ல போறேன்ல, அப்ப வரட்டும். பத்து நாள்ல முடிச்சித் தரச் சொல்றேன்."

"ஆறு வாரம்னு எழுதியிருக்காங்க."

"அவ்ளோ நாள் யாரு அங்க உக்காந்திருக்கிறது?"

"நான்."

"நீயா? ரெண்டு பொம்பளப் புள்ளைங்க தனியாவா?"

"ரெண்டு பேரு எப்படி மாமா தனியாவாங்க?"

"வாய் ஜாஸ்தி உனக்கு. உங்க வாப்பா கேட்டா நான் இன்னா சொல்றது?"

வாப்பா குவைத்தில் இருக்கிறார். எதைக் கேட்டாலும் "மாமா சொல்றபடி செய்யுங்க" என்பார். மாமாவைக் கேட்டால் வாப்பாவைக் கை காட்டுவார். நடுவில் லாத்தாவின் கழுத்து.

"யோசிக்கலாம்" என்றார் கடைசியில். எனக்கு இந்த உலகத்தில் பிடிக்காத சொல் அதுதான். லாத்தாவுக்கு என்று ஒரு பாக்கெட் தலை கிளிப்பைப் பையில் போட்டார். எடுத்துக் கல்லா மேலேயே வைத்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் காலண்டரில் குவாங்சோ வரிசைக்குக் கீழே கடலூர் என்று இன்னொரு வரிசை போட்டு, பேனாவை லாத்தாவிடம் கொடுத்தேன். அவள் யோசிக்கவே இல்லை. மூன்று வருடமாக மனசுக்குள் போட்டு வைத்திருந்த வரிசை அது. சித்திரையிலிருந்து புரட்டாசி வரை ஒரே கோடாக அடித்தாள். அக்டோபர் கடைசியில் அறுவை. நவம்பர் முழுக்க அங்கே. டிசம்பரில் ஊர் திரும்பினால் இங்கே மழையும் பனியும். "கரண்ட் போனாலும் வேர்க்காது" என்றாள். புயல் மாதம் என்று நான் சிவப்படித்த நவம்பரில் நாங்கள் இந்த ஊரிலேயே இருக்க மாட்டோம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. திரும்பும் நாளில் புயல் என்றால் நாலு நாள் தள்ளி வந்தால் போச்சு.

"கடைசி ரெண்டு மாசம் சித்திரை, வைகாசில மாட்டுமே லாத்தா?"

"அந்த ரெண்டு மாசத்த நான் தாங்கிக்குவேன். ஆரம்பமே அதுல இருந்தாதான் தாங்காது."

மாமாவோடு போகலாம், மாமாவோடு திரும்ப மாட்டோம். இதைத்தான் அவருக்கு எழுதி அனுப்பினேன். படித்துவிட்டதற்கு இரண்டு நீல டிக் விழுந்திருக்கிறது, பதில் இல்லை. காத்திருக்கப் போவதில்லை. இன்று மருத்துவமனைக்கு என் பெயரிலேயே கடிதம் எழுதினேன்: அக்டோபர் விடுமுறைக் கூட்டம் ஓய்ந்த பிறகு நாள் தருவார்களா? துவைத்து மாற்றிப்போட இரண்டு காலர் கிடைக்குமா? இரண்டாவது கேள்வி லாத்தா சொன்னது. ஆறு வருடத்தில் எந்த டாக்டரிடமும் எங்களில் ஒருவரும் அதைக் கேட்டதில்லை.

ஏப்ரலுக்குப் பச்சை வட்டம் போட்டபோது எங்களுக்குப் பாஸ்போர்ட்டே இல்லை என்பதைக்கூட நான் யோசிக்கவில்லை. திங்கட்கிழமை எங்கள் இரண்டு பேருக்கும் பாஸ்போர்ட் ஆபீஸில் நேரம் கிடைத்திருக்கிறது. போட்டோ அங்கேயேதான் எடுப்பார்கள். லாத்தா உட்கார்ந்ததும் அந்த ஆள் "கொஞ்சம் நிமிருங்கம்மா" என்பார். ஆதார் எடுக்கும்போதும் அப்படித்தான் நாலு தடவை சொன்னார்கள், அவளும் நாலு தடவை முயன்றாள். இந்தத் தடவை நான் பக்கத்தில் நிற்பேன். கேமராவைக் கீழே இறக்கச் சொல்லப் போகிறேன்.