இரண்டு பைகளில் ஒரே கணக்கு

மார்லிஸ் குபிக்கும் நானும் லிங்கன் நகரத்துச் சட்டசபைக் கட்டடத்தில் ஒரே அறையில் பல வருஷம் உட்கார்ந்து வேலை பார்த்தோம். ஜன்னல் ஓரம் அவள் மேஜை, ஹீட்டர் ஓரம் என்னுடையது. அவளுக்கு எந்தப் பல்லில் வலி, மாமியாரோடு எதற்காகப் பேச்சுவார்த்தை இல்லை, இரண்டும் எனக்கு அத்துப்படி. அவள் யாருக்கு ஓட்டுப் போடுகிறாள் என்பது மட்டும் இன்றுவரை தெரியாது. நான் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள்.

எங்கள் வேலை அப்படி. நெப்ராஸ்கா செனட்டர் ஒருவர் மசோதா கொண்டுவந்தால், அது சட்டமானால் மாநிலத்துக்கு என்ன செலவு, என்ன வரவு என்று கணக்குப் போட்டு ஒரு தாள் எழுதி மசோதாவோடு சேர்க்க வேண்டும். மசோதா நல்லதா கெட்டதா என்று சொல்லக் கூடாது. எந்தப் பக்கத்துக்காரர் கேட்டாலும் ஒரே பதில்தான். ஒரு செனட்டர் தனியாக வந்து, இப்படி மாற்றினால் எவ்வளவு ஆகும் என்று கேட்டால், அந்தக் கேள்வியே அவருடைய சொத்து. அவர் சம்மதம் இல்லாமல் இன்னொரு செனட்டரிடம் மூச்சு விடக் கூடாது. கவர்னரே வந்து கேட்டாலும் கிடையாது.

கேட்க எளிமையாகத்தான் இருக்கும். ஒரு செனட்டரின் மசோதாவுக்குச் செலவு அதிகம் என்று எழுதினால் மார்லிஸ் எதிர்ப்பக்கத்து ஆள். அவருக்குப் பிடிக்காத மசோதாவுக்குச் செலவு குறைவு என்று எழுதினால் அப்போதும் எதிர்ப்பக்கத்து ஆள். எங்கள் சபையில் பெயருக்குக் கட்சியே கிடையாது. ஆனால் யார் எந்தப் பக்கம் என்று கீழே காபிக் கடைக்காரருக்குக்கூடத் தெரியும். மார்லிஸ் ஒருத்திதான் பக்கமே இல்லாதவள். அதனாலேயே இரண்டு பக்கமும் அவளைத் திட்டியது. பள்ளிக்கூட போர்டு தேர்தலுக்கு அவள் கணவன் வீட்டு முன் ஒரு விளம்பரப் பலகை நட்டு வைத்தபோது, அவன் வேலைக்குப் போன பிறகு அதைப் பிடுங்கி கராஜில் போட்டுவிட்டாள். முடி வெட்டுகிற இடத்தில் அரசியல் பேச்சு வந்தால் டிரையர் சத்தத்தில் காது கேட்காதவள் மாதிரி உட்கார்ந்திருப்பாள்.

நான் சொல்ல வந்தது ஆம்புலன்ஸ் மசோதாவின் கதை.

மேற்கே மணல்மேட்டுப் பக்கத்துச் சின்ன ஊர்களில் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர்கள் எல்லோரும் சம்பளம் வாங்காத உள்ளூர்க்காரர்கள். விவசாயி, பள்ளிக்கூட பஸ் டிரைவர், தபாலாபீஸ் அம்மா, இப்படி. ஆட்களுக்கு வயதாகிக்கொண்டே போனது, புதிதாக யாரும் வரவில்லை. லெம்பர்க் என்ற ஊர் மார்லிஸின் சொந்த ஊர். அங்கே அந்த வண்டியை நடத்தியது அவள் அண்ணன் லியோன். அறுபது தாண்டியவர், மாடு வளர்க்கிறவர்.

லோவெல் ஸ்டாரா அந்தப் பகுதிச் செனட்டர். அவரும் மாட்டுப் பண்ணைக்காரர்தான். சம்பளத்துக்கு ஆள் வைப்பது உட்பட இந்த ஊர்களின் ஆம்புலன்ஸ் செலவு முழுவதையும் மாநிலமே ஏற்க வேண்டும் என்று மசோதா கொண்டுவந்தார். எதிர்த்தவர் ஜெனீன் ஓட் என்ற பெண் செனட்டர், ஓமாஹா நகரத்து வக்கீல். நகரத்து ஜனங்கள் ஏன் கொடுக்க வேண்டும், அந்தந்தக் கவுண்டியே, அதாவது மாவட்டமே, கொடுக்கட்டும் என்றார். நான்கு வருஷத்துக்கு முன் ஒரு கூட்டத்தில் ஸ்டாரா பேசும்போது ஓட் சிரித்துவிட்டாராம். அன்றிலிருந்து இருவருக்கும் முகம் கொடுத்துப் பேச்சில்லை. லிஃப்டில் ஒருவர் இருந்தால் மற்றவர் படியேறிப் போவார்.

மார்லிஸ் செலவுத் தாளை எழுதினாள். ஸ்டாரா சொல்லிக்கொண்டிருந்ததைவிடத் தொகை நிறையவே அதிகமாக வந்தது. அவர் சபையில் எழுந்து, லெம்பர்க்கில் பிறந்த பெண்ணே லெம்பர்க்குக்குக் குழி தோண்டுகிறாள் என்று பேசினார். மார்லிஸுக்குக் காது சிவந்துவிட்டது. அன்று பிற்பகல் ஓட் எங்கள் அறைக்கு வந்து, மார்லிஸ் சொந்த ஊருக்காகத் தொகையைக் குறைத்துப் போட்டுவிட்டாள் என்று தனக்குச் சந்தேகம் இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். ஒரே தாள், ஒரே நாள்.

அதற்கு அடுத்த வாரம் ஸ்டாரா தனியாக வந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மாநிலம் பாதி, கவுண்டி பாதி, அதுவும் அடுத்த ஆம்புலன்ஸுக்கு வெகுதூரம் போக வேண்டிய ஊர்களுக்கு மட்டும் என்று வைத்தால் எவ்வளவு ஆகும் என்று கேட்டார்.

"மார்லிஸ், இது நமக்குள்ளயே இருக்கட்டும். முழுசா கேட்டாத்தான் பாதியாவது கிடைக்கும். இப்பவே பாதிக்கு இறங்கிட்டேன்னு அந்தம்மாவுக்குத் தெரிஞ்சா கால்வாசி கூட தராது."

மறுநாள் ஓட் வந்தார். கதவைச் சாத்திவிட்டு நின்றுகொண்டே பேசினார். மாநிலம் பாதி, கவுண்டி பாதி, தூரத்து ஊர்களுக்கு மட்டும் என்றால் என்ன செலவு? யாருக்கும் தெரிய வேண்டாம், முக்கியமாக ஸ்டாராவுக்கு. தான் இறங்கி வருவதாகத் தெரிந்தால் அந்த மனிதர் இன்னும் முறுக்கிக்கொள்வார் என்றார்.

எங்களில் ஒருவர் எழுதியதை இன்னொருவர் சரிபார்த்த பிறகே வெளியே போகும். அப்படித்தான் இரண்டு கடிதங்களும் என் மேஜைக்கு வந்தன. நான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பெயரைத் தவிர எதுவும் மாறவில்லை. நான் மார்லிஸைப் பார்த்தேன். அவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணும் சொல்லாத," என்றாள்.

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"மூஞ்சியில சொல்ற. அதையும் சொல்லாத."

அவளால் முடிந்தது ஒன்றுதான். கடிதத்தைக் கொடுக்கும்போது ஸ்டாராவிடம் கேட்டாள்: இந்தக் கணக்கை மற்றவர்களுக்கும் காட்ட எனக்குச் சம்மதம் தருகிறீர்களா? அவர் மாட்டேன் என்றார். ஜெனீன் ஓட்டிடமும் அதையே கேட்டாள். அவர் எதற்குக் கேட்கிறாய் என்று புருவத்தைச் சுருக்கினார். எல்லோரிடமும் கேட்பதுதான் என்றாள் மார்லிஸ். அது பொய்யில்லை, அன்றிலிருந்து எல்லோரிடமும் கேட்க ஆரம்பித்தாள். அவரும் மாட்டேன் என்றார்.

பிறகு விவாதம் வந்தது. எங்கள் சபையில் ஒரு மசோதாவைத் தோற்கடிக்க எதிர்த்து வாக்களிக்கக்கூட வேண்டாம். எதிர்க்கிறவர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் பேசிக்கொண்டே நேரத்தைத் தின்றுவிட்டால் போதும். ஜெனீன் ஓட்டும் அவர் கூட்டாளிகளும் பேசினார்கள். ஒருவர் தன் தாத்தாவின் கோதுமை வயலைப் பற்றிப் பேசினார். இன்னொருவர் குதிரை வண்டிக் காலத்து ஆஸ்பத்திரிகளைப் பற்றி ஒரு புத்தகத்திலிருந்து வாசித்தார். பால்கனிக்குக் கீழே எங்களைப் போன்றவர்களுக்கு நாற்காலி போட்டிருப்பார்கள், செனட்டர்கள் வந்து சந்தேகம் கேட்பதற்காக. மார்லிஸ் அங்கே உட்கார்ந்திருந்தாள்.

ஸ்டாரா குனிந்து வந்து, அந்தப் பாதிக் கணக்கு இன்னும் சரிதானே என்று கேட்டார். சரிதான், வெளியே சொல்லலாமா என்றாள். அந்தம்மா முதலில் இறங்கட்டும் என்றார். கொஞ்ச நேரத்தில் ஓட் வந்தார். அதே கேள்வி. அவருக்கும் அதே பதில், அதே கேள்வி.

"அந்த ஆள் முதல்ல வாயைத் திறக்கட்டும். அப்புறம் பாக்கலாம்," என்றார் ஓட்.

ஒருவர் சட்டைப்பையிலும் இன்னொருவர் கைப்பையிலும் ஒரே தாள். இருவரும் ஒருவரை ஒருவர் கல்நெஞ்சக்காரர் என்று மைக்கில் திட்டிக்கொண்டார்கள். நேரம் முடிந்தது. பேச்சை நிறுத்தச் சொல்லி எடுத்த வாக்கெடுப்பில் தேவையானதற்கு இரண்டு ஓட்டுக் குறைந்தது. மசோதா செத்தது. மார்லிஸ் அறைக்கு வந்து சிறைச்சாலைக் கூரை பழுதுபார்க்கும் மசோதாவை எடுத்து வைத்துக்கொண்டாள். பென்சிலை ஊன்றி எழுதியதில் தாள் கிழிந்தது.

அந்த இலையுதிர் காலத்தில் லெம்பர்க் ஆம்புலன்ஸை மூடிவிட்டார்கள். லியோனோடு சேர்த்து மூன்று பேர்தான் மிஞ்சியிருந்தார்கள். மூன்று பேரை வைத்துக்கொண்டு ராப்பகல் பார்க்க முடியாது. சோளம் அறுவடை முடிகிற சமயத்தில் பக்கத்துப் பண்ணை எமில் என்பவர் மேல் டிராக்டர் சாய்ந்தது. லியோனுக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். கையில் சாமான் எதுவும் இல்லை. பெல்ட்டைக் கழற்றி எமிலின் தொடையில் இறுக்கிக் கட்டிவிட்டு, கவுண்டித் தலைநகரத்திலிருந்து வண்டி வரும்வரை மண்ணில் உட்கார்ந்திருந்தார். எமில் பிழைத்தார். கால் போய்விட்டது. சீக்கிரம் வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமா என்றதற்கு டாக்டர், சொல்ல முடியாது என்றார்.

தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு மார்லிஸ் அண்ணன் வீட்டுக்குப் போனாள். சாப்பாட்டு மேஜையில் லியோன் கேட்டார்:

"நீ அங்கதானே உக்காந்திருந்த. எல்லாம் உனக்குத் தெரியும்தானே. என்னதான் நடந்துச்சு?"

"அதைப் பத்திப் பேச முடியாதுண்ணா."

"யாருகிட்ட பேச முடியாது? நான் என்ன பத்திரிகைக்காரனா?"

"யாருகிட்டயும்தான்."

"எமில் கால் போயிருச்சு மார்லிஸ்."

லியோன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். கிறிஸ்துமஸுக்கு அவர் கூப்பிடவில்லை. அவள் போகவும் இல்லை. இதை அவள் என்னிடம் சொன்னது ஜனவரியில், அதுவும் ஸ்டேப்ளரில் பின் சிக்கிக்கொண்டதற்காக அதை மேஜையில் நாலு தட்டு தட்டிய பிறகு. ராஜினாமா செய்துவிடலாமா என்று யோசித்தாளாம். கடிதம்கூட மனதுக்குள் எழுதிப் பார்த்தாளாம். அதிலும் காரணம் சொல்ல முடியாது என்பது அப்புறம்தான் புத்தியில் உறைத்தது. நான் சிரித்துவிட்டேன். அவளுக்கும் வேறு வழியில்லாமல் சிரிப்பு வந்தது.

ஸ்டாராவின் பதவிக்காலம் முடிந்துபோயிருந்தது. இரண்டு தடவைக்கு மேல் தொடர்ந்து இருக்க எங்கள் சட்டம் விடாது. புதிய கூட்டத்தொடரில் அந்த மசோதாவைக் கொண்டுவந்தவர், நம்பினால் நம்புங்கள், ஜெனீன் ஓட். பாதிக்குப் பாதி, தூரத்து ஊர்களுக்கு மட்டும். எமிலின் கால் பற்றிய செய்தி ஓமாஹா பத்திரிகையிலும் வந்திருந்தது. ஒருவர்கூட எதிர்க்கவில்லை. பேச எழுந்த ஓட், தான் இதைப் புதிதாக ஒன்றும் யோசிக்கவில்லை என்றார். பழைய கடிதத்தைத் தேதியோடு உரக்கப் படித்தார். சென்ற முறையே தன் கைப்பையில் இது இருந்தது, எதிர்த்தரப்பு கேட்கத் தயாராக இல்லாததால் சொல்லவில்லை என்றார். பால்கனிக்குக் கீழே நாற்காலியில் மார்லிஸ் கண்ணை மூடிக்கொண்டாள்.

அடுத்த திங்கட்கிழமை ஸ்டாரா எங்கள் அறை வாசலில் நின்றார். ஜெனீன் ஓட் படித்த கடிதத்தைப் பத்திரிகையில் பார்த்துவிட்டு, இதற்காகவே பண்ணையிலிருந்து அத்தனை தூரம் வண்டி ஓட்டி வந்திருந்தார். தன்னிடம் இருந்த கடிதத்தை மார்லிஸின் மேஜையில் போட்டார்.

"உனக்குத் தெரியும்."

"தெரியும், செனட்டர்."

"ரெண்டு பேரும் ஒண்ணையே கேட்டோம். நீ பாத்துக்கிட்டு சும்மா உக்காந்திருந்த."

"சும்மா உக்காரல. உங்களை ரெண்டு தடவை கேட்டேன், வெளிய சொல்லட்டுமான்னு."

"சும்மா கேட்டா எனக்கு என்ன தெரியும்? ஒரு வார்த்தை, 'போய் அந்தம்மாகிட்ட பேசுங்க'ன்னு சொல்லியிருக்கலாம்ல?"

மார்லிஸ் கடிதத்தை மடித்து அவர் பக்கம் நகர்த்தினாள். அவள் குரல் உயரவில்லை.

"அந்தம்மா மனசுல இருக்கிறதை அன்னைக்கு உங்ககிட்ட ஜாடை காட்டியிருந்தா, உங்க மனசுல இருக்கிறதை நாளைக்கு வேற யாருகிட்டயோ காட்டுவேன்னு தெரிஞ்சிருக்கும். அப்புறம் இந்தக் கதவைத் திறந்து வந்து எதையாவது கேட்டிருப்பீங்களா?"

ஸ்டாரா கடிதத்தை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"மாட்டேன்," என்றார். பிறகு, "எமிலைப் பாத்துட்டுத்தான் வரேன். அந்தக் காலுக்கு நான்தான் பொறுப்புன்னு சொல்ல வந்தேன்னு நினைக்கிறேன். உன்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்," என்றார்.

"அதுல எனக்கும் பங்கு இருக்குன்னு நானும் நினைக்காத நாள் இல்ல," என்றாள் மார்லிஸ். "ஆனா மறுபடி அதே நிலைமை வந்தாலும் அதையேதான் செய்வேன். அதுதான் பெரிய எரிச்சல்."

அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு போனார்.

லெம்பர்க்கில் மறுபடி வண்டி ஓட ஆரம்பித்தது, பக்கத்து இரண்டு ஊர்களோடு சேர்ந்து. லியோன் திரும்பச் சேரவில்லை. முதுகு போய்விட்டது என்றார். ஓட் படித்த கடிதம் பத்திரிகையில் வந்ததை அவரும் படித்திருந்தார். ஈஸ்டருக்கு அவரே போன் செய்து வரச் சொன்னார். மார்லிஸ் போனாள். பாதி நாள் கன்றுக்குட்டிகளைப் பற்றியும் மழையைப் பற்றியுமே பேசினாராம். கிளம்பும்போது கார் வரைக்கும் கூட வந்தார்.

"இப்பவும் அந்த மாதிரி ஏதாவது உன் தலைக்குள்ள வெச்சிருக்கியா?"

"இருக்கு."

"எங்க ஊரைப் பத்தியா?"

"சொல்ல மாட்டேண்ணா."

லியோன் கார் கூரையை உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினார். உன்னோடு பெரிய தலைவலி என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வா என்றார்.